அறியாவினா

கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழகுகிற ஒருவன், எழுதியது ஓடாமல் இடையிலே நின்றுபோக, எவ்வளவோ பிரயாசைப்பட்டும் காரணம் புலப்படாமல், முன்பின் அறியாத அனுபவசாலிகளிடம் தன் சங்கடத்தை எழுதிக் கேட்டு, விடைக்குப் பதிலாகக் கண்டனத்தைப் பெற்று, மனம் சோர்ந்து திரும்பினான் என்றால், அந்தச் சோர்வுக்குக் காரணம் அவனே என்று தீர்ப்புச் சொல்வதுதான் அத்துறையில் தேர்ந்தவர்களிற் பெரும்பாலோருடைய வழக்கமாக இருக்கிறது. அவனுக்குக் கேட்கத் தெரியவில்லை. தேடிப் பார்க்காமல் கேட்டான். பலரும் பல தடவை கேட்டதையே கேட்டான். வேண்டிய விவரத்தைக் கொடாமல் வேண்டாத கதையைச் சொன்னான். ஆகவே அவன் பெற்ற கடுஞ்சொல் அவன் தேடிக்கொண்டதே என்பது அந்தத் தீர்ப்பின் வாசகம்.

இந்த அபிப்பிராயத்துக்கு ஒரு பிரமாண நூலும் உண்டு. எரிக் ரேமண்ட் என்பவர் 2001-ஆம் ஆண்டில், சாமர்த்தியமாகக் கேள்வி கேட்பது எப்படி என்று விளக்கி ஒரு நீண்ட வியாசம் எழுதினார். கேட்பதற்கு முன் என்னென்ன செய்திருக்க வேண்டும், தலைப்பை எப்படி அமைக்க வேண்டும், எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும், கடுமையான விடை வந்தால் அதை எவ்வாறு பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் விரித்துரைத்துவிட்டு, விடை சொல்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இறுதிப் பகுதியிலே சிறிதளவு இடம் ஒதுக்கியிருக்கிறார். அவ்வியாசத்தில் நல்ல புத்திமதிகள் இல்லாமல் இல்லை. நானே என் மாணவர்களுக்கு அவற்றிற் சிலவற்றைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அது வகுத்த தர்மம் கேட்பவன் தலையிலே பெரும்பாரத்தையும், சொல்பவன் தலையிலே சிறுபாரத்தையும் ஏற்றியது. கால் நூற்றாண்டாக அந்தப் பங்கீடே நியாயம் என்று நம்பப்பட்டு வருகிறது. அது நியாயமன்று, தலைகீழான பங்கீடு என்பதே என் கட்சி.

உத்திரமேரூரில் மாலை வேளைகளில் என்னிடம் நிரலெழுதப் பழக வருகிறவர்களில் ஒரு பெண், சுற்றுவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வருபவள். தகப்பனார் நெல் பயிரிடுகிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, அந்தக் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். அவளுடைய தாயார் சேர்ந்திருக்கிற மகளிர் சுய உதவிக் குழுவின் சேமிப்புக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றிக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, உறுப்பினர்களின் பெயர்களைத் தமிழிலேயே நோட்பேடில் தட்டிச் சேமித்துவைத்து, அந்தக் கோப்பைத் திறந்து படிக்கப் பைத்தான் மொழியிலே பத்து வரி நிரல் எழுதினாள். திறக்கவில்லை. ஆங்கிலத்திலே ஒரு பிழைச்செய்தி மட்டும் வந்தது. அவள் சளைக்காமல், பெயருக்கு ஒரு கோப்பாகப் பிரித்துத் தனித்தனியே சோதித்துப் பார்த்தாள். ‘கமலா’ என்று மட்டும் எழுதிய கோப்பு, எழுத்துகள் உருக்குலைந்தேனும் திறந்தது. ‘முருகன்’ என்று எழுதிய கோப்பு திறக்கவே மறுத்தது. சில பெயர்களுக்குத் திறக்கிறது, சில பெயர்களுக்குத் திறக்கவில்லை, நான் என்ன செய்ய வேண்டும் என்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், அனுபவசாலிகள் கூடியிருந்த ஓரிடத்திலே எழுதிக் கேட்டாள். முதலில் ஆவணத்தைப் படி என்றார் ஒருவர். இதைக் கேள்வி என்றே சொல்ல முடியாது என்றார் மற்றொருவர். முன்னமே விடை சொல்லப்பட்ட கேள்வி என்று மூன்றாமவர் காட்டிய இடத்திலோ, பிரெஞ்சு மொழியின் ஒலிக்குறிகளைப் பற்றிய விவகாரம் ஒன்று இருந்தது. அன்று மாலையே தன் கேள்வியை அழித்துவிட்டு, மறுநாள் வந்து என்னிடம் அவள் சொன்னது, “நான்தான் சார் தப்பா கேட்டுட்டேன்” என்பது.

அவள் தப்பாகக் கேட்கவில்லை. அவள் கேட்டதைப்போலத் துல்லியமாகக் கேட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. நடந்தது இதுதான். நோட்பேட் அவள் பட்டியலை யூடிஎஃப்-8 என்னும் குறியாக்கத்தில் சேமித்தது. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். விண்டோஸின்மேல் ஓடிய பைத்தானோ, குறியாக்கம் இன்னதென்று யாரும் சொல்லாத காரணத்தால், மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்காக வகுத்த 1252 என்னும் பழைய அட்டவணையை எடுத்துவைத்துக்கொண்டு பைட்டு பைட்டாகப் படிக்கத் தொடங்கியது. பைத்தானிடம் உள்ள அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி. மெய்யெழுத்தின் தலைமேல் இடுகிற புள்ளிக்குரிய கடைசி பைட்டு அந்தக் காலியிடங்களில் ஒன்றிலே போய் விழுகிறது. உகரக் குறிக்குரிய கடைசி பைட்டு இன்னொன்றில் விழுகிறது. ‘கமலா’வில் புள்ளியும் இல்லை, உகரமும் இல்லை. ‘முருகன்’ என்பதில் இரண்டும் உண்டு. சில பெயர்களுக்குத் திறக்கிறது, சில பெயர்களுக்குத் திறக்கவில்லை என்று அவள் எழுதிய வாக்கியம், நோயின் முழு லட்சணத்தையும் தன்னுள் கொண்டிருந்த வாக்கியம். எந்தப் பெயர்களுக்கு என்று ஒருவர், ஒரே ஒருவர், திருப்பிக் கேட்டிருந்தால் விஷயம் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். கோப்பைத் திறக்கும் வரியிலே குறியாக்கத்தின் பெயரைச் சேர்ப்பதொன்றுதான் பரிகாரம்.

கேள்விகளை வகைப்படுத்துவது நம்மவர்க்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் வினாவை ஆறாக வகுத்தபோது, தெரிந்துகொண்டே கேட்பதை அறிவினா என்றும், தெரியாமற் கேட்பதை அறியாவினா என்றும் முதலிலேயே பிரித்துவைத்தார். இன்றைய அனுபவசாலிகள் விரும்புகிற கேள்வி எப்படிப்பட்டது என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். பிழைக்குக் காரணமான பகுதியை மட்டும் தனியே பிரித்தெடுத்து, தொடர்பில்லாதவற்றை நீக்கி, உரிய கலைச்சொல்லைத் தலைப்பிலே வைத்து, எதை எதிர்பார்த்தேன், எது நடந்தது என்று கூறவேண்டுமாம். எது காரணம், எது தொடர்பில்லாதது, எது உரிய சொல் என்பவை தெரிந்தவனுக்குக் கேள்வியில் முக்காற்பங்கு தீர்ந்துவிட்டது. அவர்கள் கேட்பது, அறியாவினாவின் வேஷம் பூண்ட அறிவினா. உண்மையான அறியாவினா வந்து வாசலில் நின்றால் அதற்கு இலக்கணப் பிழை சாட்டி அனுப்பிவிடுகிறார்கள்.

அதே பவணந்தியார் விடையை எட்டாக வகுத்து, வினாவுக்கு எதிர் வினாவுவதையும் ஒரு விடையாகவே கணக்கிட்டார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. மாணாக்கருக்குப் பொல்லாத உவமைகளை அவர் சொல்லவில்லையா, ஓட்டைக் குடம் என்றும் ஆடு என்றும் எருமை என்றும் கடைமாணாக்கரை அவர் இகழவில்லையா என்று எதிர்க்கட்சியார் என்னைக் கேட்கக்கூடும். சொன்னார்தான். ஆனால் மாணாக்கனைப் பற்றிப் பேசுவதற்கு முன்னமே ஆசிரியனைப் பற்றிப் பேசி, ஆசிரியனாக இருக்கத் தகாதவர்களுக்கும் நான்கு உவமைகளை அவர் வைத்துவிட்டார். அவற்றுள் ஒன்று மடற்பனை. தானாகப் பழம் விழுந்தால் உண்டு. நெருங்கி ஏறிப் பறிக்கப் போனாலோ கருக்கு அறுக்கும். எங்கள் பக்கத்தில் பனையேறத் தெரிந்த எவருக்கும் இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று பருத்தி அடைத்த குண்டிகை. உள்ளே புகுத்துவதும் அரிது, வெளியே எடுப்பதும் அரிது. ஓட்டைக் குடத்தை நினைவில் வைத்துக்கொண்டு மடற்பனையை மறந்துவிடுகிறவர்கள் நன்னூலைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

முதலில் தேடிப் பார், பிறகு கேள் என்பதே அவர்களுடைய தலையாய ஆட்சேபம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் தேடுவது என்பது ஒரு சொல்லைக் கொண்டு தேடுவது. அந்தச் சொல்லே கைவசம் இல்லாதவன் எதைக் கொண்டு தேடுவான்? அந்தப் பெண் இரண்டு இரவு தேடினாள். தமிழ், கோப்பு, பெயர், திறக்கவில்லை என்பனவே அவளிடம் இருந்த சொற்கள். குறியாக்கம் என்னும் சொல்லை அவள் அறியாள். அந்தச் சொல்லை அறிந்திருந்தால் அவள் யாரையும் கேட்டிருக்கமாட்டாள். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுப்பவரைக் கவனித்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். குடியானவர் ஒருவர் வந்து, அண்ணன் தம்பி பாகத்தகராற்றில் ஆரம்பித்து, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பை வெட்டிய கதைக்குப் போய், நடுவே மகள் கல்யாணத்தையும் தொட்டுக்கொண்டு வருவார். மனு எழுதுபவர், உமக்குச் சொல்லத் தெரியவில்லை, சர்வே எண்ணும் உட்பிரிவும் பட்டாவுமாக ஒழுங்குபடுத்திக்கொண்டு நாளைக்கு வாரும் என்று விரட்டுவதில்லை. நிலம் யார் பேரில் இருக்கிறது, தாத்தா பேரிலா, அப்பா பேரிலா, கடைசியாகச் சிட்டா எப்போது எடுத்தீர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, அந்தக் கதைக்குள் புதைந்து கிடக்கிற மனுவை வெளியே எடுக்கிறார். விவகாரத்தை வடிவப்படுத்துவது தம்முடைய தொழில், வந்தவருடைய தொழிலன்று என்பதை அவர் அறிந்திருக்கிறார். நாடி பிடிக்கிற வைத்தியரும் அப்படித்தான். வயிற்றில் என்னவோ செய்கிறது என்று முனகுகிறவனிடம், நோயின் பெயரைச் சொல் என்று அவர் கேட்பதில்லை.

கேட்டதையே கேட்கிறார்கள் என்பது அடுத்த குறை. இதில்தான் அனுபவசாலிகள் மிகப் பெரிய தவறு செய்கிறார்கள் என்று நான் கருதுகிறேன். ஒரே இடத்தில் ஒருவன் தடுக்கி விழுந்தால் அவன் கவனக்குறைவு என்று சொல்லலாம். ஆயிரம் பேர் அதே இடத்தில் விழுந்தால், அங்கே ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது என்பதே பொருள். பைத்தான் மொழி 1991-இல் வெளிவந்தது. அடைப்புக்குறியை மூட மறந்த புதியவர்களுக்கு, பிழை இல்லாத அடுத்த வரியைச் சுட்டிக்காட்டி, தொடரமைப்பு தவறு என்று மொட்டையாகச் சொல்லும் வழக்கம் அம்மொழியில் நெடுங்காலம் இருந்தது. அந்தச் செய்தியைக் கண்டு மிரண்டு, என் அடுத்த வரியில் என்ன தவறு என்று கேட்டவர்கள் எத்தனை பேர் திட்டு வாங்கியிருப்பார்கள்! 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில், இந்த அடைப்புக்குறி மூடப்படவேயில்லை என்று உள்ள இடத்தையே காட்டிச் சொல்லும்படி அதை உண்டாக்கியவர்கள் மாற்றினார்கள். முப்பது வருஷம் கேட்டவன் குற்றமாக இருந்தது ஒரே நாளில் கருவியின் குற்றமாக ஒப்புக்கொள்ளப்பட்டு, கருவியும் திருத்தப்பட்டது. எங்கள் மாணவியைத் தடுக்கிய கல்லின் கதையும் இதுவே. குறியாக்கம் சொல்லப்படாதபோது எந்த இயங்குதளமானாலும் யூடிஎஃப்-8 என்றே கொள்ளவேண்டும் என்று 2022-இல் ஒரு திருத்தம் முன்மொழியப்பட்டு, 3.15 பதிப்பிலிருந்து நடைமுறைக்கு வருவதற்கு ஏற்கப்பட்டிருக்கிறது. மறுபடி மறுபடி வந்த அந்தக் கேள்விகள் சோம்பேறிகளின் கூச்சல் அல்ல, சாட்சியம். சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிக் குற்றவாளிகளைப்போல் நடத்தியதுதான் நடந்தது.

நாங்கள் கூலி வாங்காமல் ஓய்வுநேரத்தைச் செலவிட்டுச் செய்கிற பரோபகாரம் இது, இதற்கும் நிபந்தனையா என்று வருந்திக் கேட்கிறவர்களுக்கு நான் மரியாதையோடு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அவர்களுடைய உழைப்பால்தான் நானும் கற்றேன். விடை சொல்லியே ஆகவேண்டும் என்று ஒருவரையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. களைத்துப்போனவர் பேசாமல் கடந்து போகலாம், அதில் குறையே இல்லை. ஆனால் ஆவணத்தைப் படி என்று எழுதுவதற்கும் நேரம் செலவாகிறது, எந்தப் பெயர்களுக்குத் திறக்கவில்லை என்று எழுதுவதற்கும் அதே நேரந்தான் செலவாகிறது. தானம் செய்ய மனமில்லாதவன் வாசலை மூடிக்கொள்ளலாம். வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு, வந்தவன் ஏந்திய பாத்திரத்தைப் பழிப்பது தானத்தில் சேராது. மேலும், நேரம் நஷ்டம் என்ற கணக்கே சரியானதன்று. ஆசிரியனிடம் கேட்டு அறிவது காற்பங்கு, உடன் பயில்பவரோடு பழகி அறிவது காற்பங்கு, பிறருக்கு எடுத்துச் சொல்லுவதால் நிரம்புவது எஞ்சிய அரைப்பங்கு என்பது நன்னூலார் போட்ட கணக்கு. புள்ளியும் உகரமும் காலியிடத்தில் விழுகின்றன என்பதை அந்தப் பெண் கேட்ட பிறகுதான் நானே உட்கார்ந்து பைட்டுகளை எண்ணிக் கண்டுகொண்டேன். முப்பது வருஷப் பழக்கத்தில் அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

தனித்துப் போராடிக் கற்றவனே தேறுவான், நாங்களெல்லாம் அப்படித்தான் தேறினோம் என்று சிலர் பெருமிதத்தோடு சொல்வதுண்டு. தேறியவர்கள் மட்டுந்தான் அதைச் சொல்ல எஞ்சியிருக்கிறார்கள். மனம் உடைந்து விலகியவர்கள் எந்தச் சபையிலும் வந்து சாட்சி சொல்வதில்லை. தனித்துக் கற்றோம் என்பவர்களின் கதையைத் துருவிப் பார்த்தாலோ, விடுதியறையில் ஓர் அண்ணன், வீட்டிலே ஓர் எஞ்சினீயர் மாமா, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பொறுமையான ஓர் உதவியாளர் என்று யாரோ ஒருவர் நிச்சயமாக நின்றிருப்பார். லினக்ஸை உண்டாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ்கூட, 1991 ஜூலையில், ஹெல்சிங்கியில் இருபத்தொரு வயது மாணவராக இருந்தபோது, போசிக்ஸ் என்னும் நியமங்களின் பிரதி எங்கே கிடைக்கும் என்று முன்பின் தெரியாதவர்கள் கூடிய பொதுவிடத்திலேதான் எழுதிக் கேட்டார். நீயே தேடிக்கொள் என்று சொல்லத் தகுந்த கேள்வி அது. அப்படிச் சொல்லி அவரை முடக்காத ஒரு சூழல் அவருக்கு வாய்த்திருந்தது. தமிழ்வழியில் படித்து, முதல் தலைமுறையாகக் கல்லூரி புகுந்து, உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்வருகிற பெண்ணுக்கு அண்ணனும் இல்லை, மாமாவும் இல்லை; எழுதிக் கேட்பது ஒன்றே வழி. அந்த ஒரு வழியிலே முள்ளை வெட்டிப் போடுவதற்குப் பண்படுத்துதல் என்று பெயர் சூட்டுவதை என்னால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் ஊரிலே இந்த வாதம் நடந்தால் யாராவது ஒருவர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டாமல் இருக்கமாட்டார். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய அந்தச் சாசனங்கள் குடவோலை முறையைச் சொல்லி, இன்னின்ன நிலமும் கல்வியும் வயதும் உடையவரே தகுதியானவர் என்று வரையறுக்கின்றன. தகுதி கேட்பது நம் மரபு, கேள்வி கேட்பவனிடமும் தகுதி எதிர்பார்ப்பதில் என்ன பிழை என்பார்கள். அந்தச் சபையை நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவன் அல்லன். அந்தணர்களின் சபையாகிய அதனுள் இவ்வூரின் உழுகுடி மக்கள் காலெடுத்து வைத்திருக்க முடியாது. ஆயினும் சுவரில் உள்ளதைச் சரியாகப் படிக்க வேண்டும். அந்தத் தகுதிகள் ஏரி வாரியத்திலும் தோட்ட வாரியத்திலும் அமர்ந்து காரியம் பார்க்கப் போகிறவர்களுக்கு விதித்தவை. ஏரி மதகு உடைந்தது என்று முறையிட வருபவனுக்கு விதித்தவை அல்ல. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிவைத்ததும் அந்தச் சாசனமே. குடத்திலிருந்து ஓலையை எடுத்தது யார்? ஒன்றும் அறியாத ஒரு சிறுபிள்ளை. எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் வாங்கி, எல்லாரும் கேட்க வாசித்தான். அதிகாரம் உடையவன்மேல் கண்டிப்பும் அறியாத பிள்ளைமேல் நம்பிக்கையும் வைத்த ஏற்பாடு அது. 919-இல் முப்பது முதல் அறுபது என்று வைத்த வயது வரம்பு, இரண்டே வருஷத்தில் முப்பத்தைந்து முதல் எழுபது என்று திருத்தப்பட்டது. கல்லில் வெட்டியதையே திருத்திக்கொண்டவர்களின் ஊர் இது. கேட்பவனுக்கு 2001-இல் வகுத்த விதி மட்டும் திருத்தத்துக்கு அப்பாற்பட்டதா?

இனி இந்த விவகாரமே தேவையில்லை, 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்துவிட்டது, இயந்திரம் எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லும் என்பது புதிய வாதம். அந்தப் பெண்ணின் கேள்வியை அவள் எழுதியபடியே ஓர் இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்தேன். குறியாக்கத்தைக் கவனி என்ற விடை வந்தது. அப்படியானால், புரியாத கேள்வி என்று மனிதர்கள் தள்ளியது புரிகிற கேள்வியே என்பது நிரூபணமாகிவிட்டதல்லவா? அதே இயந்திரம் வேறொரு நாள் இல்லாத கட்டளையொன்றை இருப்பதாகச் சாதித்தது. தெரியாதவனுக்கு அதைச் சரிபார்க்கும் வழியும் தெரியாது. மனிதர்கள் விடை சொல்லிச் சேர்த்துவைத்ததிலிருந்து கற்ற இயந்திரத்தைக் காட்டி மனிதர்களின் கடமையைத் தள்ளுபடி செய்ய முடியாது. தமிழிலேயே கேட்கலாம், எப்படி வேண்டுமானாலும் கேட்கலாம் என்று வாசலைத் திறந்துவைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதி வருகிறது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணைய வழியே கூடித் தமிழில் பேசுகிறது. கேட்பவனுக்கு இலக்கணம் வகுக்காமலும் காரியம் நடக்கும் என்பதற்கு இவர்கள் கண்கூடான உதாரணம்.

அந்தப் பெண் அழித்துவிட்ட கேள்வியை மறுபடி எழுதச் சொன்னேன். இப்போது அவளுக்குக் குறியாக்கம், பைட்டு, அட்டவணை எல்லாம் தெரியும். ஆகையால் அழகான கலைச்சொற்களோடு திருத்தமாக ஒரு தலைப்பு எழுதிக்கொண்டு வந்தாள். அதை வேண்டாமென்று சொல்லி, முதலில் கேட்டபோது என்ன சொற்களால் கேட்டாயோ அதே சொற்களால் எழுது, ஏனென்றால் இனித் தேடப்போகிறவர்களும் அந்தச் சொற்களைக் கொண்டுதான் தேடுவார்கள் என்றேன். ‘கமலா என்ற பெயர் திறக்கிறது, முருகன் என்ற பெயர் மட்டும் திறக்கவில்லை’ என்று தலைப்பிட்டு, அதன் கீழே புள்ளியின் கதையையும் உகரத்தின் கதையையும் அவளே தமிழில் எழுதி முடித்தாள்.